கட்டிலில் உட்கார்ந்திருப்பவர்

ஒரு தடவை இழுத்தால் பதிலுக்கு இரண்டு தடவை இழுபட வேண்டும். அதுதான் பேச்சு. மெக்கானிக் தன் இடுப்பு பெல்ட்டில் மாட்டியிருந்த கயிற்றை ஒரு தடவை இழுத்தான். உள்ளேயிருந்து மூன்று தடவை இழுபட்டது.

"ரெண்டுக்கு மேல எண்ணத் தெரியும்னு காட்டுறியாடா?" என்று சிரித்துக்கொண்டே ஸ்பேனரை எடுத்தான்.

ஏழாவது மாடி. ஜன்னலை ஒட்டி நீண்ட சன்ஷேடில் நின்றிருந்தான். அதன் அகலத்துக்குப் பூனைகூட மூச்சை இழுத்துப் பிடித்துத்தான் நடக்கும். பக்கத்தில் இரும்புத் தாங்கிகளின் மேல் ஏ.சி.யின் வெளிப்பெட்டி, நான்கு போல்ட்டில் இரண்டோடு ஆடிக்கொண்டிருந்தது. சாயங்கால வெயில் ஜன்னல் கண்ணாடியை உருக்கிவிடுவதுபோல் எரிய, உள்ளே ஒன்றும் தெரியவில்லை.

கயிறு ஜன்னல் வழியாகப் போய் அந்தக் காலி வீட்டின் ஒரே கட்டிலின் காலில் முடிந்திருந்தது. கட்டிலின் மேல் மச்சான். மற்றவர்கள் சுவரில் வளையம் அடித்துக் கயிறு மாட்டுவார்கள். இவர்களுக்கு மச்சானின் உடம்பே வளையம். அவன் உட்கார்ந்தால் கட்டடம் அரை அங்குலம் இறங்கும், எழுந்தால் அடுத்த தெருவரை பெருமூச்சு விடும். மெக்கானிக்கின் மனைவிக்கு இது எட்டாவது மாதம். காலையில்கூடத் தம்பியின் காதைத் திருகித்தான் அனுப்பினாள்: "மாமா வெளிய நிக்கிறவரைக்கும் நீ கட்டிலைவிட்டு எழுந்திரிக்கக் கூடாது."

"மச்சான், பைப்பை விடு!"

"ம்."

ஒரு கேள்விக்கு ஒன்பது கதை சொல்கிறவன் மச்சான். வெறும் 'ம்' அவன் வாயிலிருந்து வந்ததாகச் சரித்திரமே இல்லை. ஆனால் இடுப்பருகே, சுவரில் போட்டிருந்த துளை வழியாகச் செம்புக் குழாய் வந்தது. மச்சான் தள்ளினால் முட்டி மோதி நெளிந்துதான் வரும். இது வழுக்கிக்கொண்டு வந்தது. கூடவே துளையிலிருந்து ஒரு காற்று. அந்த அனல் வெயிலில் முழங்காலைச் சில்லிட வைக்கும் குளிர்ச்சி, பல நாள் மூடிக்கிடந்த அலமாரியின் வாடை. ஏ.சி.க்கு இன்னும் கரண்ட்டே கொடுக்கவில்லை.

சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டான்.

"மாமா, திட்டாத. மிச்ச ரெண்டு போல்ட்டையும் வண்டியிலயே விட்டுட்டு வந்துட்டேன். எடுக்க இறங்குனேன், இப்ப லிஃப்ட் நின்னுபோச்சு. அக்காகிட்ட மட்டும் சொல்லிடாத."

மெக்கானிக் மெல்லக் குனிந்து பார்த்தான். கீழே வண்டிக்குப் பக்கத்தில், மிளகு அளவுக்கு, மச்சான்.

குழாய் நின்றது. பிறகு, வந்த வழியே, உள்ளே போனது.

"மச்சான்... படியில ஏறி ஓடி வாடா." போனுக்குள் கிசுகிசுத்தான். "கட்டில்ல... யாரோ..."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. பாரமான ஒன்று நிதானமாக எழுந்திருக்கும் சத்தம். அப்புறம், முடிச்சை அவிழ்க்கும் சரசரப்பு. நகத்தால், பொறுமையாக, ஒவ்வொரு இழையாக.

கயிறு இறுகியது. ஒரு சாண் உள்ளே போனது. இன்னொரு சாண்.

அவன் வெளிப்பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். இரண்டு போல்ட்டும் முனகின. பெட்டி சாய்ந்தது.

"ஐயா, யாரா இருந்தாலும் விட்டுடுங்க. புள்ள பொறக்கப் போகுது எனக்கு. முகத்தைப் பார்த்துடுறேன். ஒரே ஒரு தடவை பார்த்துடுறேன்..."

இன்னொரு சாண்.

ஜன்னல் பக்கம் போக முடியாது. கீழே பார்க்க முடியாது. பெல்ட்டை அவிழ்த்தால் கயிறு அவனை விட்டுவிடும். துளையில் விரலை மாட்டிக்கொண்டு, மச்சான் வரும்வரை, சுவரோடு சுவராக நிற்கலாம். ஏழு மாடி. பத்து நிமிடம். நின்றுதான் ஆக வேண்டும்.

"மாமா?" போனில் மச்சான் கேட்டான். இன்னும் ஏறாமல், வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்து, கீழேயிருந்தே மேலே பார்த்துக்கொண்டிருந்தான். "ஏன் மாமா அழுவுற? அதான் வீட்டுக்காரர் வந்துட்டாரே! ஜன்னல்ல நிக்கிறாரு பாரு. ரெண்டு கையாலயும் கயித்தை கெட்டியா புடிச்சிருக்காரு. நீ பயப்படாத."

பெல்ட்டின் கொக்கியை அவிழ்க்க இடுப்புக்குக் கையைக் கொண்டுபோனான்.

அங்கே ஏற்கெனவே விரல்கள் இருந்தன. துளையிலிருந்து நீண்டு வந்து, ஈரமாக, குளிர்ந்து, கொக்கியை மூடிப் பிடித்திருந்தன.