குத்தியது வட்டம்... விழுந்தது கோடு!

"மேடம்... என் தம்பி கொலைகாரன் இல்ல!"

போனில் அலறியேவிட்டாள் சில்வியா.

நஞ்சன்கூடு ரோட்டில் இருந்த அந்தத் தோல் பரிசோதனைக் கூடத்தில் அவள் டெக்னீஷியன். நேற்று அங்கேதான், ஸ்டோர் ரூமில், பிணமாகக் கிடந்தான் ஸ்டோர் கீப்பர் முனிராஜ். உடம்பில் இரண்டு காயம். இரண்டும் மெல்லிய கோடு.

கத்திக்குத்து என்று முடிவு கட்டிவிட்டது போலீஸ். மண்டி மொஹல்லா கறிக்கடையில் ஆடு உரிக்கும் ஆஷ்லி இப்போது லாக்கப்பில்! அவன் கொண்டுவந்த தோலில் வெட்டு விழுந்திருக்கிறது என்று முனிராஜ் திருப்பி அனுப்ப, இரண்டு பேரும் வாசலில் சட்டையைப் பிடித்துக்கொண்டதை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

அப்பா அம்மா இல்லாத சில்வியாவுக்கு மிச்சம் அந்தத் தம்பி ஒருவன்தான்.

"கத்தி இல்லேன்னா வேற எதும்மா?" மறுமுனையில் இன்ஸ்பெக்டர் தீபா.

"உருண்டையா, கூரா ஏதோ ஒண்ணு மேடம். நீங்க காட்டின போட்டோல ரெண்டு காயமும் தோல்ல நார் ஓடற திசையிலயே இருக்கு. உருண்டைக் கம்பி நாரை அறுக்காது... விலக்கிட்டுப் போகும். வெளிய எடுத்தா ஓட்டை வட்டமா நிக்காது, நார் வாக்குல கோடாயிடும். வாங்க, ஆட்டுத் தோல்லயே காட்டறேன்!"

"வழியிலதான் இருக்கேன். பர்த்தீனி... இதோ வந்துட்டேன், அங்கேயே இரும்மா."

போனை வைத்துத் திரும்பினாள்.

டேவிஸ்!

கூடத்தின் தலைமை அதிகாரி. எப்போது வந்தார்... தெரியவில்லை.

"எனக்கும் கொஞ்சம் காட்டேன், சில்வியா."

குரல் தேனாக இருந்தது. கை மட்டும் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டது.

"எ... எதுக்கு சார் தாழ்ப்பாள்?"

"சும்னே... சும்மாதான். டிஸ்டர்ப் இல்லாம இருக்கும்ல."

கோட்டுப் பையிலிருந்து குத்தூசி ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். உருண்டைக் கம்பி. பென்சில் கனம்.

மேஜையில் கிடந்த ஈர ஆட்டுத்தோலில் குத்தி எடுத்தாள். வட்டக் கம்பி வெளியே வந்ததும்... மிஞ்சியது ஒரு கோடு. கத்தியால் கீறியதைப் போலவே!

"அழகு!" டேவிஸ் குத்தூசியைப் பிடுங்கிக்கொண்டார். "நேத்தும் இப்படியேதான் வந்துச்சு."

அவள் பின்வாங்கினாள்.

"சார்... நீங்களா?"

"காசு வாங்கிட்டு, இழுத்தா கிழியற தோலுக்கெல்லாம் பாஸ் போட்டேன். முனிராஜ் மோப்பம் பிடிச்சுட்டான். இப்ப நீ!"

சுவரோடு ஒண்டினாள். ஓட வழியில்லை. கம்பியின் முனை கழுத்துக்கு வந்தது.

"பயப்படாதே. உனக்கும் கத்திக் காயம்னுதான் எழுதுவாங்க!"

உயிர் போகப்போகிறது என்று தெரிந்த அந்த நொடியில்தான் அவளுக்கு அது உறைத்தது.

"குத்துங்க சார்!"

"ஏனு... என்ன?" கை நின்றது.

"குத்துங்க! அதே மாதிரி காயம் என் மேலயும் விழட்டும். என் தம்பி லாக்கப்ல இருக்கான்... அவன் எப்படி சார் என்னைக் குத்த முடியும்? நான் செத்தா அவன் வெளிய வந்துடுவான். என்னை விட்டீங்கன்னா மேடம்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடுவேன். எப்படிப் பார்த்தாலும் ஆஷ்லி வீட்டுக்குப் போறான்!"

சொல்லும்போதே அழுதாள். சாகப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் கழுத்தை நகர்த்தவில்லை.

டேவிஸின் நெற்றியில் வியர்வை. கம்பி முன்னே போனது... பின்னே வந்தது...

தடால்!

கதவு பெயர்ந்து விழ, கான்ஸ்டபிள்களோடு தீபா! பூட்டிய அறைக்குள்ளிருந்து 'குத்துங்க சார்' என்று அலறல் கேட்டால் எந்தப் போலீஸ் காலிங் பெல்லைத் தேடிக்கொண்டிருக்கும்?

"ஏனு சார் இது?"

"டெ... டெமோ மேடம்! தோலைப் பத்தி சும்மா ஒரு டெமோ..."

சில்வியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இது ரெண்டாவது ஷோ மேடம். முதல் ஷோ பார்த்த முனிராஜ்தான் விமர்சனம் சொல்ல இல்லை!"