ஐயாயிரத்து ஒன்றாவது மூச்சு

செவ்வாயின் வடகுகைக் குடியிருப்பில் காலையில் எழுந்ததும் எல்லோரும் வாசல் குழாயில் ஒருமுறை ஊதுவார்கள். குழாய் அந்த மூச்சை வைத்து ஆளை அடையாளம் கண்டு, அன்றைக்கு உரிய காற்றை வீட்டுக்குள் திறந்துவிடும். பல் தேய்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். பிறந்த குழந்தைக்கு முதல் அழுகையே பதிவு.

செண்பகத்தின் மகள் நன்றாகத்தான் அழுதாள். குழாய் ‘இடமில்லை’ என்றது.

காற்று விநியோகம் அதே குடியிருப்பில் இருந்த ஆபிதாவின் சிறு நிறுவனத்துடையது. மூச்சுப் பதிவுகளை வைத்திருந்த தரவுத்தளமோ பூமியிலுள்ள ‘அட்சயம்’ என்ற பெருநிறுவனத்துடையது. உரிமம் வாங்கிப் பயன்படுத்தலாம். உள்ளே திறந்து பார்க்கவோ திருத்தவோ முடியாது. ஆபிதா அட்சயத்தின் பிரதிநிதியைத் தேடிப் போனாள். அது எப்போதும் புன்னகைத்தபடி நிற்கும் ஓர் இயந்திரம்.

“உங்கள் உரிமம் ஐயாயிரம் பெயர்களுக்கு மட்டுமே. விரிவாக்க விண்ணப்பத்தைப் பூமியில் பரிசீலிக்கப் பதினொரு நாட்கள் ஆகும்.”

“பதினொரு நாள் அந்தப் புள்ள மூச்சு விடாம இருக்குமா?”

“அந்தக் கேள்வி என் பொறுப்பில் வராது.”

குழந்தை தாயின் பங்கைச் சுவாசித்துக்கொண்டிருந்தது. மதியத்துக்குள் செண்பகத்தின் உதடுகள் நீலம் பாய்ந்துவிட்டன.

ஆபிதா தன் பொறியாளர் தவசீலனைக் கூப்பிட்டாள். “பொதுஊற்றுன்னு ஒண்ண ரெண்டு வருஷமா நோண்டிட்டு இருந்தியே, அது இதத் தாங்குமா?”

பொதுஊற்று ஒரு திறந்தமூலத் தரவுத்தளம். பல கோள்களிலிருந்து பலர் சேர்ந்து எழுதியது. யாரும் எடுக்கலாம், பார்க்கலாம், திருத்தலாம். பெயர்களுக்கு வரம்பு கிடையாது.

“தாங்கும்க்கா. ஆனா பழைய பதிவு ஒண்ணும் கிடைக்காது. அட்சயம் பூட்டி வச்சிருக்கு.”

“எல்லாரையும் மறுபடி ஊதச் சொல்லுவோம்.”

பிரதிநிதி பின்னாலேயே வந்து நின்றது. “பழுதானால் யார் பொறுப்பு?”

“நான். பேர எழுதிக்கோ.”

ஆபிதா தன் கையாலேயே மையக் காற்றடைப்பான்களைத் திறந்துவிட்டாள். பதிவு கேட்காமலே எல்லா வீடுகளுக்கும் சேமிப்புக் காற்று போகும், ஆனால் ஆறு மணி நேரம்தான் தாங்கும். அதற்குள் தவசீலனும் அவளும் ஊழியர்களும் சந்து சந்தாக ஓடி ஒவ்வொரு வீட்டையும் ஊத வைத்தார்கள். முதல் பதிவு செண்பகத்தின் மகளுடைய அழுகை. கடைசி வீடு முடிந்தபோது இருபது நிமிடக் காற்று மீதமிருந்தது. ஐயாயிரத்து ஒரு பெயர்கள். வடகுகை முழுவதும் சீராக மூச்சு விட்டது.

அடுத்த வாரம் ஊர்மன்றம் கூடியது. பாராட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று ஆபிதா நினைத்தாள். அட்சயத்துக்கே திரும்பலாமா என்று வாக்கெடுப்பு நடத்தினார்கள். முதலில் கை தூக்கியது செண்பகம். இன்னொரு கையில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

“நீயுமா?” என்றாள் ஆபிதா.

“தப்பா நினைக்காதீங்கக்கா. கைக்குழந்தை இருக்கற வீடு. பெரிய கம்பெனி பேரு இருந்தா ஒரு தைரியம்.”

“அந்தக் கம்பெனிதான உன் புள்ளைக்கு இடமில்லன்னுச்சு?”

“சொல்லிச்சு. ஆனா ஏதாவது ஆச்சுன்னா திட்டறதுக்கு ஒரு ஆள் வேணும்ல?”

“என்னத் திட்டு. நான்தான் பொறுப்புன்னு பேரையே எழுதிக்கச் சொல்லியிருக்கேன்.”

செண்பகம் தயங்கினாள். “உங்களத் திட்டிட்டு நாளைக்கு எப்படிக்கா உங்க மூஞ்சில முழிக்கறது?”

மன்றம் முழுவதும் தலையாட்டியது. ஆபிதா எழுந்தாள். “அட்சயத்த மறுபடி உள்ள விடமாட்டேன். உங்களுக்கு வேற கம்பெனி வேணும், அவ்வளவுதான? பத்து நாள் குடுங்க.”

பத்தாம் நாள் எல்லா வாசல் குழாய்களிலும் பொன்னிற முத்திரை மின்னியது: ‘பேரண்டப் பிராணா நிறுவனம், தலைமையகம்: சனிக்கோள்.’ உள்ளே இருந்தது அதே பொதுஊற்றுதான். சனிக்கோளில் அப்படி ஒரு நிறுவனம் கிடையாது. அது தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

மறு மாதம் வடசந்தில் காற்றில் புழுக்க வாடை அடித்தது. செண்பகம் தலைமையில் சந்துக்காரர்கள் சனிக்கோளுக்கு இரண்டு பக்கம் திட்டி எழுதினார்கள். பல வருடங்களாக அவர்கள் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. கடிதம் ஆபிதாவின் மேசைக்கு வந்தது. தவசீலனை வடிகட்டியை மாற்ற அனுப்பிவிட்டு, அவள் பதில் எழுதினாள்: ‘தங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு ஆழ்ந்த வருத்தங்கள்.’

செண்பகம் அதை நாலு வீட்டுக்கு எடுத்துப்போய்க் காட்டினாள்.

“பாத்தீங்களா? இதான் கம்பெனி. ஆபிதாக்காவா இருந்தா ஒரு லெட்டர் வந்திருக்குமா?”