கரியன் முதுகு காட்டும் பக்கம்

கரியன் அன்று சாயங்காலம் வீட்டைப் பார்த்துப் படுத்திருந்தது.

வீட்டை ஒட்டிய கோழிப்பண்ணையில் காலையிலிருந்து தீவனம் அள்ளி, முட்டை பொறுக்கி, இடுப்பு கழன்றுபோய் நிற்கிற ரஞ்சனிக்கு நாய் எந்தப் பக்கம் பார்த்துப் படுத்தால் என்ன? ஆனாலும் கால் கழுவும்போது மனசு எதிலோ இடறியது. இத்தனை வருடத்தில் அது வீட்டுக்கு முதுகையும் வெளிக்கேட்டுக்கு முகத்தையும் காட்டித்தான் படுத்திருக்கிறது.

ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு பஞ்சாப் போன கணவன் மணிமாறன், லாரி கேபினுக்குள் ஒளித்துக்கொண்டு வந்த குட்டி அது. துருக்கி தேசத்தில் ஆட்டுப்பட்டிக்குக் காவல் நிற்கும் ஜாதி என்று பெருமையாகச் சொன்னான். கன்றுக்குட்டி அளவுக்கு வளர்ந்து அவனைவிட அதிகமாகச் சோறு தின்றது. பந்தை எறிந்தால் எறிந்தவளைத்தான் பார்க்கும். கூப்பிட்டால் யோசித்துவிட்டு வரும். இப்படியொரு சோம்பேறியை எதற்குக் கட்டி அழ வேண்டும் என்று ரஞ்சனிக்கு எரிச்சலாக இருந்தது. மகள் கயல்விழி தவழ ஆரம்பித்த பிறகுதான் அதன் வேலை புரிந்தது. குழந்தை போகிற இடமெல்லாம் போய், அவளுக்கு அணையாக முதுகைக் கொடுத்துப் படுக்கும். காக்க வேண்டியது முதுகுப்பக்கம், பயப்பட வேண்டியது முகத்துப்பக்கம். அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இன்றைக்கு அதன் முதுகுக்குப் பின்னால் நாலு வயதுக் கயல் முருங்கை மரத்தடியில் மண்ணைக் குவித்துக்கொண்டிருந்தாள். முகத்துக்கு நேரே திறந்த கதவு. உள்ளே மணிமாறன் தூங்கிக்கொண்டிருந்தான்.

மத்தியானம்தான் வந்திருந்தான். போன் இல்லை, பை இல்லை. கொல்லைப்பக்கமாக, தண்ணீர் வராததால் கல்லை வைத்து மூடிய பழைய போர்க்குழியைத் தாண்டி, தலை முதல் கால் வரை வெள்ளைக் கல்தூசியோடு வந்து நின்றான். ஒரு வார்த்தை பேசவில்லை. வேறு வீட்டில் கேட்டிருப்பார்கள். திருச்செங்கோட்டு ரிக்காரன் பெண்டாட்டி கேட்க மாட்டாள். மாதக்கணக்கில் பாறையைக் குடைந்துவிட்டு வருகிறவனுக்குக் காது அடைத்திருக்கும், பேச்சு வராது, தூசி ஒரு குளியலில் போகாது. முதலில் தூங்க விட வேண்டும். "உள்ள வந்து படுங்க மாமா" என்று அவள்தான் ஒதுங்கி வழிவிட்டாள். கரியன் வாலாட்டவில்லை. அதை யோசிக்க அப்போது அவளிடம் தெம்பில்லை.

பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. கோழி எச்சத்தின் காரமான வாடைக்கு நடுவே வீட்டுக்குள்ளிருந்து வேறொரு வாசனை வந்தது. வெயிலே படாத பாறையை அடியாழத்தில் உடைத்தால் வருகிற, குளிர்ந்த, தொண்டையை வறட்டும் வாசனை. ரஞ்சனி எட்டிப் பார்த்தாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தான். போர்வை, தலையணை, தரை, எல்லாம் வெள்ளை. வந்தபோது இருந்ததைவிட அதிகத் தூசி. மூச்சுச் சத்தம் கேட்டது. இரும்புக் குழாய்க்குள் காற்று இறங்குகிற சத்தம். இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. திரும்பி ஏறவில்லை.

பாவம், அலுப்பு என்று நினைத்துக்கொண்டாள். அவளுக்கும் அலுப்புதான்.

கயலைச் சாப்பிடக் கூப்பிட்டாள். குழந்தை படியேற வந்ததும் கரியன் குறுக்கே நின்றது. அவள் சுற்றிப் போனாள். அதுவும் சுற்றி வந்து பாவாடையைக் கவ்வி இழுத்தது. கயல் விழுந்து அழுதாள். ரஞ்சனிக்கு ஆத்திரம் தலைக்கேறியது. இந்த ஜாதி நாய் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் குணம் மாறும் என்று ஊரே சொல்லியிருந்தது. கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தாள். அது நினைத்திருந்தால் அவள் கையை முறித்திருக்கலாம். முறிக்கவில்லை. முழு எடையையும் அவள் தொடையில் சாய்த்துக் கெஞ்சியது. அப்படியே இழுத்துப் போய்க் காலிக் கொட்டகைத் தூணில் சங்கிலியை மாட்டினாள்.

"போயி அப்பாவ எழுப்பு சாமி. சோறு திங்கலாம்."

கயல் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. மணிமாறன்.

"வண்டி ஐதராபாத் தாண்டிருச்சு புள்ள. நாளைக்குப் பொழுதெறங்க ஊடு வந்துருவேன்." பின்னால் லாரி இரைச்சல். "கயலுகிட்டக் குடு."

ரஞ்சனி வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். கண் கொல்லைப்பக்கம் போனது. போர்க்குழியை மூடிய கல் புரண்டு கிடந்தது. அங்கிருந்து வெள்ளைக் காலடிகள். வீடுவரை.

சங்கிலியை அவிழ்த்தாள். கரியன் பாய்ந்தது. அவளும் ஓடினாள். பாதி முற்றத்தில் அது நின்றுவிட்டது.

வாசலில் கயல்.

"சாமி, வெளிய வா. அம்மாகிட்ட வா."

வந்தாள். முடி வெள்ளை. இமை வெள்ளை. அழுகை நின்றிருந்தது. சத்தமில்லாமல் ஒரு படி இறங்கினாள்.

கையிலிருந்த போனில் மணிமாறன் மகள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

கரியன் மெல்லப் பின்வாங்கி வந்தது. ரஞ்சனியின் காலோடு முதுகை ஒட்டிப் படுத்தது. முகத்தைக் குழந்தையின் பக்கம் திருப்பிக்கொண்டது.