பக்கத்தையும் சேர்த்து

காய்ச்சல் கண்டதிலிருந்து மகள் குட்டியின் வெப்பம் முப்பத்தேழு டிகிரியிலேயே நின்றது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

இரவு வேலை முடிந்து வீடு திரும்பும் அம்மாவுக்குக் கண் எரியும், செருப்பைக் கழற்றக் குனிந்தால் அப்படியே சரிந்துவிடலாம் போலிருக்கும். குட்டி நன்றாகத் தூங்குகிறாள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் புருஷன் தன் வேலைக்குக் கிளம்பிவிடுவான். மருந்து நெடியும் மூடிய அறையின் புழுக்கமும் மூக்கில் ஏற, அவள் வாசற்படியிலேயே நின்று, திரை போட்ட மங்கலில் கட்டிலை நோக்கி வெப்பமானியின் விசையை அழுத்துவாள். மகளின் நெற்றியில் சிவப்புப் புள்ளி விழும். முப்பத்தேழு. கிட்டே போனால் எழுந்துகொள்வாள். எழுந்தால் இவள் தூக்கம் போச்சு.

துப்பாக்கி மாதிரியான அந்த வெப்பமானி மெக்கானிக் வேலை பார்க்கும் அவள் அண்ணன் கொடுத்தது. அன்று காலை அவனே போன் செய்தான். மோட்டாருக்கு வாங்கியதை என் மருமகளுக்குப் பிடிக்கிறாயே என்று சிரித்தான். எங்கே நின்று பிடிக்கிறாய் என்று கேட்டான். சொன்னாள். சிரிப்பு நின்றது.

"அந்தப் புள்ளிய நம்பாதம்மா. அது சும்மா குறி. தள்ளி நிக்க நிக்கப் பெரிய வட்டமா பார்க்கும். பக்கத்துல இருக்கிறதையும் சேர்த்துச் சராசரியாத்தான் சொல்லும். கிட்டப் போய்ப் பிடி."

பக்கத்தில் காலி விரிப்பும் சுவரும்தான். சூடில்லாத அவற்றையும் சேர்த்தே முப்பத்தேழு என்றால், குட்டிக்குக் காய்ச்சல் எவ்வளவோ? போனைக் காதில் அணைத்தபடியே கட்டிலருகே போய் நெற்றிக்கு நேரே பிடித்தாள்.

இருபத்தெட்டு.

வியர்த்திருந்தால் குறைத்துக் காட்டும், துடைத்துவிட்டுப் பார் என்றான் அண்ணன். துடைத்தாள். துணி நனையவில்லை. இருபத்தெட்டு. சுவரில் பிடித்தாள். சுவரும் இருபத்தெட்டு.

அதையும் சொன்னதும் அண்ணன் கேட்டான்.

"அப்போ சூடா இருக்கிறது வேற எதுவோ. அவ பக்கத்துல யாரு படுத்திருக்கா?"

யாரும் இல்லை. கை தானாக நகர்ந்தது. குட்டிக்கும் சுவருக்கும் நடுவே. வெறும் விரிப்பின் மேல்.

நாற்பத்தாறு.

விரிப்பில் ஒரு பள்ளம். நீளமான பள்ளம். முடி பொசுங்கும் வாடை.

போனைக் கீழே போட்டாள். குட்டியைத் தோளில் பிடித்து இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள். குட்டி கண் திறக்கவில்லை. சுவர்ப்பக்கத்துக் கை மட்டும் மேலே எழுந்தது. சுவரை நோக்கி விறைத்து நீண்டது. மணிக்கட்டைச் சுற்றித் தோல் அமுங்கியது, விரல் விரலாக.