கோணல் நாலு

"குடையைக் கொஞ்சம் எனக்கும் பிடிக்கலாமே?"

"துருப்பிடிக்கப் போறது துப்பாக்கி. நீங்க இல்ல."

வால்யெவோ நகரக் கலாசார மன்றத்தின் வாசலில், சடசடவென்று கொட்டிய ஏப்ரல் மழையில் இப்படித்தான் அவர்கள் பேச்சு தொடங்கியது. அவன் தன் கோட்டைக் கழற்றி ஒரு நீளமான பொருளைப் போர்த்தியிருந்தான். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. நெவெனாவின் குடை கோட்டுக்கு மேல் மட்டும்தான் நின்றது. அவன் சிரித்தான். மழைத்துளி தொங்கும் இமைகளுக்குக் கீழே... சாம்பல் நிறக் கண்கள். அவள் சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

பத்தே நிமிடத்தில் அந்தக் கண்களில் நெருப்பு பறந்தது.

உள்ளே பழைய ஜெர்மன் ராணுவத் துப்பாக்கி சேகரிப்பவர்களின் கூட்டம். நெவெனா நகர அருங்காட்சியகத்தில் ஆயுதப் பிரிவைப் பார்த்துக்கொள்பவள். எது அசல், எது போலி என்று சொல்லும் பொறுப்பு அவளுடையது. அவன் பெயர் வெலிமிர், கூரை வேலை செய்பவன். பதினோரு வருடமாகச் சேகரிக்கிறான். ஓடு மாற்றப் போன வீட்டில், உத்தரத்துக்குப் பின்னால், எண்ணெய்த் துணியில் சுற்றிக் கிடந்ததாம் இது. "இந்தச் சனியனை என் கூரையிலேர்ந்து எடுத்துட்டுப் போப்பா" என்று வீட்டுக்காரம்மாவே கொடுத்துவிட்டார்களாம்.

குழலிலும், குண்டை உள்ளே தள்ளும் போல்ட்டிலும் ஒரே எண். ஆனால் அதிலிருந்த நாலு கோணலாக இருந்தது. தொழிற்சாலையில் அடித்த நாலு அப்படி இருக்காது.

"யாரோ பின்னாடி அடிச்ச எண். போலி" என்றாள்.

"திருகைக் கழட்டி, அடி மரக்கட்டைக்கு உள்ளே பாருங்க."

"தேவையில்ல."

"ரெண்டு திருகுங்க!"

"எனக்குத் தெரியும்னு சொல்றேன்ல?"

நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ களுக்கென்று சிரித்தார். வெலிமிர் துப்பாக்கியைக் கோட்டில் சுற்றிக்கொண்டு வெளியேறினான். மறுநாளே சேகரிப்பாளர் சங்கத் தலைவர் ஸ்தானோயே அவன் வீட்டுக்குப் போய், பரிதாபப்படுபவர்போல் ஒரு விலை சொன்னார். 'என் கண்ணெதிரே இருக்க வேண்டாம்' என்று அவனும் தூக்கிக் கொடுத்துவிட்டான்.

செப்டம்பரில் ஸ்தானோயே வீட்டுக் குலப் புனிதர் திருநாள் விருந்து. பன்றி வறுவலும் பிளம் சாராயமும் மேஜையை நிறைத்திருக்க, நெவெனாவின் கண் சுவரில் போய் நின்றது. அதே துப்பாக்கி! கீழே பித்தளைத் தகடு: 'அசல். எண்கள் அனைத்தும் பொருந்துகின்றன.'

"ஐயா... இது போலிதானே?"

"நீ சொன்னம்மா. நான் சொன்னேனா?" ஸ்தானோயே கண்ணாடிக் குவளையை உயர்த்தினார். "நான் திருகைக் கழட்டிப் பார்த்தேன். கட்டைக்குள்ளயும் அதே கோணல் நாலு, நூறு வருஷ எண்ணெய்க் கறுப்போட. போர்க்காலத்துல பழுது பாத்த ராணுவப் பட்டறைக்காரன் எல்லாத்துலயும் ஒண்ணா அடிச்சிருக்கான்."

"கூட்டத்துக்கு முன்னாடி என் காதுல வந்து 'கூரைக்காரன் ஏதோ போலி கொண்டு வரானாம்'னு சொன்னது?"

"அட, கேள்விப்பட்டதைச் சொன்னேன். சாப்பிடும்மா."

அவள் சாப்பிடவில்லை. உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இவர் மேல் கோபம்... அதைவிடத் தன் மேல். ரெண்டு திருகு! ரெண்டே ரெண்டு திருகு!

மறுநாள் அவனைத் தேடிப் பிடித்தபோது அவன் ஒரு மூன்று மாடி வீட்டின் கூரைமேல் இருந்தான்.

"கீழ இறங்குங்க! பேசணும்!"

"போலி ஆளோட உங்களுக்கு என்ன பேச்சு?"

"மன்னிப்புக் கேக்க வந்திருக்கேன்!"

எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. ரொட்டிக் கடைக்காரி வெளியே வந்து நின்றாள். நெவெனா அண்ணாந்து பார்த்தபடி, நடந்ததை எல்லாம் கத்திச் சொன்னாள். மேலே சுத்தியல் சத்தம் நின்றது.

"திட்டினது நாப்பது பேர் முன்னாடி" என்றான் அவன். "மன்னிப்பு மட்டும் தெருவுலயா?"

சுத்தியல் மறுபடி அடிக்க ஆரம்பித்தது.

திமிர் பிடித்தவன்! வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே நடந்தாள். ஆனால் அவன் கேட்டதில் என்ன தப்பு? அன்றிரவு தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால்... சாம்பல் நிறக் கண்கள்.

சங்கத்தின் அக்டோபர் கண்காட்சிக்கு ஸ்தானோயே அந்தத் துப்பாக்கியையே பெருமையாகக் கொண்டு வந்தார். நெவெனா மேஜையருகே போனாள். திருப்புளியை எடுத்தாள். எல்லார் கண்ணெதிரேயும் இரண்டு திருகுகளையும் கழற்றினாள். கட்டையைப் பிரித்துக் கூட்டத்தை நோக்கிப் பிடித்தாள்.

"இது அசல். ஏப்ரல்ல வெலிமிர் இதைத்தான் பாக்கச் சொன்னார். எனக்கு எல்லாம் தெரியும்ங்கற திமிர்ல நான் பாக்கல. அவரை அவமானப்படுத்தினேன். தப்பு என்னோடது." அதோடு நிறுத்தவில்லை. "ஆனா போலின்னு முதல்ல என் காதுல போட்டது நம்ம தலைவர். மறுநாளே அடிமாட்டு விலைக்கு வாங்கினதும் அவர்தான்!"

"வாங்கினது வாங்கினதுதான்!" ஸ்தானோயே முகம் சிவந்தது. "ரசீது இருக்கு!"

துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு அவர் கிளம்பினார். யாரும் வழி மறிக்கவில்லை. ஆனால் யாரும் அவரோடு போகவும் இல்லை. கடைசி வரிசையில் ஒருவன் எழுந்து நின்றான். வெலிமிர்!

ஆற்றங்கரைப் பாலம் வரை அவள் விடுவிடுவென்று நடந்தாள். அவன் சிரித்துக்கொண்டே பின்னால் ஓடி வந்தான்.

"நில்லுங்க. ஏன் இப்படிப் பறக்குறீங்க?"

"ரசீதாம், ரசீது! வெட்கமே இல்லாம எடுத்துட்டுப் போறார், எல்லாரும் வாயைப் பொத்திக்கிட்டு நிக்கறாங்க! நீங்களும் சிரிக்கிறீங்க!"

"போகட்டும் விடுங்க. வெறும் துப்பாக்கிதானே?"

"துப்பாக்கிக்காகவா கத்தறேன்? உங்களுக்காகய்யா! மாசக்கணக்கா..." நாக்கைக் கடித்துக்கொண்டாள். கீழே கொலுபரா ஆறு சலசலத்தது.

"மாசக்கணக்கா...?"

"...ஒண்ணுமில்ல."

"எனக்கு ஆறு மாசம்" என்றான் மெல்ல. "திட்டு வாங்கறதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே ஆரம்பிச்சிடுச்சு. அதனாலதான் அவ்வளவு வலிச்சது. இன்னிக்கு நான் துப்பாக்கியைப் பாக்க வந்தேன்னு நெனச்சீங்களா?"

அவள் முகம் குப்பென்று சிவந்தது. இந்தச் சிவப்பு கோபத்தில் வந்ததில்லை.

"உங்களைப் பிடிச்சிருக்கு நெவெனா. நாளைக்கு... ஒரு காபி குடிக்க வரீங்களா?"

"நாளைக்கா?" கோபம் இன்னும் முழுசாக இறங்கவில்லை அவளுக்கு. "ஆறு மாசம் வீணாப் போனது போதாதா? இன்னிக்கென்ன கேடு? வாங்க!"