கீழ்நகரத்து ஆட்கள்

காலை எட்டு மணி. பதிப்பாளர் தன் பதிப்பகத்துப் பின்னறையின் இரும்புக் கதவுப் பூட்டைத் திறந்தபோது, நாவலாசிரியர் மேசைமேல் தலை கவிழ்ந்து கிடந்தார். விரலிடுக்கில் மூடி கழற்றிய பேனா. பக்கத்தில் காலிக் காப்பிக் கோப்பை.

"அண்ணே!" பதிப்பாளர் பாய்ந்து போய் உலுக்கினார். தலை அந்தப் பக்கம் சரிந்ததே தவிர, கண் திறக்கவில்லை.

சத்தம் கேட்டு நாவலாசிரியரின் மனைவி ஓடிவந்தார். "மூச்சு இருக்கு. தண்ணி கொண்டாங்க! ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க!" என்று கத்தினார். பதிப்பாளர் நடைபாதையின் கோடியில் இருந்த சமையலறைக்கு ஓடினார்.

நாவலாசிரியரை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் போன பிறகுதான் பதிப்பாளருக்கு இன்னொரு விஷயம் உறைத்தது. மேசை வெறுமையாக இருந்தது. ஊரே காத்துக்கொண்டிருந்த நாவல் தொடரின் ஏழாம் பாகத்தின் கடைசி அத்தியாயங்களைக் காணவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்தவுடன் முதல் வேலையாகக் கட்டிடத்தின் வாசலைச் சாத்தச் சொன்னாள். பூட்டிய அறைக்கு வெளியே இன்னொரு பூட்டு. உள்ளே இருந்த அத்தனை பேரும் முணுமுணுத்தார்கள்.

"யார் அவரை உள்ள வெச்சுப் பூட்டினது?"

"நான்தான் மேடம்" என்றார் பதிப்பாளர். ஒரு காலை நொண்டிக்கொண்டு நின்றார். "ஆனா அவரே கேட்டுக்கிட்டது. வெளிய விட்டா எழுத மாட்டேங்கறார். 'முடிக்கிற வரைக்கும் என்னைத் திறந்துவிடாதே'ன்னார். ஒரே சாவி. அது என் கழுத்துச் சங்கிலியில இருக்கு. குளிக்கும்போதுகூடக் கழட்டறதில்ல."

"சாப்பாடு?"

"அண்ணி கொண்டுவருவாங்க. நான் திறந்துவிட்டு வாசல்லயே நிப்பேன். நேத்து ராத்திரி சாப்பாடும் காப்பி பிளாஸ்க்கும் கொண்டு போனாங்க. காலித் தட்டோட வெளிய வந்தாங்க. என் கண்ணால பார்த்தேன். அப்ப மேசைமேல தாள்கட்டு இவ்வளவு உயரத்துக்கு இருந்துச்சு."

"நகல்?"

"ஒண்ணும் கிடையாது. ஐந்தாம் பாகத்தோட முடிவு முன்னாடியே கசிஞ்சதுலேர்ந்து கம்ப்யூட்டரைத் தொடறதில்ல. எல்லாம் கையெழுத்துதான். யாருக்கும் காட்டவும் மாட்டார்."

"காப்பி போட்டது?"

"அண்ணி. ஆனா பிளாஸ்க் சமையலறையில ரொம்ப நேரம் திறந்தபடி இருந்துச்சு. அவரோட தூக்க மாத்திரை டப்பாவும் அங்கதான் இருக்கும். நான், அட்டைப் படம் வரையற ஓவியர், எல்லாருமே போய்வர்ற இடம்."

இன்ஸ்பெக்டர் அறையைப் பார்த்தாள். முன்பு காகிதக் கட்டுகளை அடுக்கி வைத்திருந்த இடம். ஜன்னலுக்குக் கம்பி, கம்பிக்கு மேல் வலை. விரல்கூட நுழையாது. ஒரு கட்டில், அதன்மேல் கசங்கிய விரிப்பு, தலையணை இல்லை. ஒரு குளியலறை. தரையில் ஒரு கண்ணாடிக் குண்டு, தாள் பறக்காமல் வைப்பது.

"தலையணை எங்க?"

"அண்ணிதான் அவர் தலைக்கு அண்டக்கொடுத்து, அப்படியே ஸ்டிரெச்சர்ல கொண்டு போனாங்க."

"உங்க காலுக்கு என்ன?"

"அதை ஏன் கேக்கறீங்க! தண்ணியை எடுத்துக்கிட்டு மேசைக்கு ஓடினேனா, இந்தக் கண்ணாடிக் குண்டுல கால் வெச்சுட்டேன். செம்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்."

இன்ஸ்பெக்டர் குனிந்து குண்டைப் பார்த்துவிட்டு, "என்னை உள்ள வெச்சுப் பூட்டுங்க" என்றாள்.

"மேடம்?"

"பூட்டுங்க. நான் தட்டறப்ப திறந்தாப் போதும்."

கதவு சாத்தப்பட்டது. சாவி திரும்பும் ஓசை கேட்டது. கதவிலிருந்து மேசைக்கு நடந்தாள், திரும்பி வந்தாள், மறுபடி நடந்தாள். வழி ஒன்றுதான், ஒரு பக்கம் கட்டில், மறுபக்கம் சுவர். வலையை அழுத்தினாள், குளியலறைச் சுவரைத் தட்டினாள். எல்லாம் கெட்டி. கொஞ்ச நேரத்திலேயே நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்தது போல இருந்தது.

அப்போது அவளுக்குச் சிறைக்காவலன் நினைவு வந்தது.

கால் முறிந்து படுக்கையில் கிடந்த மாதங்களில் அந்தத் தொடரின் ஆறு பாகங்களையும் அவள் படித்திருந்தாள். ஊரெல்லாம் கொண்டாடிய இளவரசன் அவளுக்கு ஒட்டவில்லை. வாளைத் தூக்குவான், வசனம் பேசுவான், ஜெயிப்பான். அவளைப் பிடித்து உட்காரவைத்தவர்கள் கோபுரங்களுக்குக் கீழே, கீழ்நகரத்தில் இருந்த சில்லறை ஆட்கள். பாகத்துக்கு நாலு பக்கம் வந்துபோவார்கள், அவ்வளவுதான். மன்னரின் உணவை முதலில் ருசி பார்ப்பவன் ஒருவன். ஒவ்வொரு கவளத்தையும் அதுவே கடைசி என்று மென்று தின்பான். 'உயிரின் ருசி எனக்குத் தெரியும். மன்னருக்குத் தெரிந்தது உப்பு மட்டும்' என்பான். போரில் கிழிந்த சட்டைகளைத் துவைக்கும் ஒருத்தி. இரண்டு பக்கத்து ரத்தமும் ஒரே நிறமாகத்தான் ஆற்றில் போகிறது என்று அவளுக்கு மட்டும் தெரியும். அப்புறம் அந்தச் சிறைக்காவலன். 'சாவி என் இடுப்பில் இருக்கிறது. ஆனாலும் கைதி உள்ளே இருக்கும்வரை நானும் உள்ளேதான். எங்களில் யாருக்கு யார் காவல்?' என்று கேட்பான். ஆளைப் பிடித்து உள்ளே தள்ளுவதையே பிழைப்பாகக் கொண்டவளுக்கு அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது.

அவள் கதவைத் தட்டினாள். வெளியே வந்ததும் ஆழமாக மூச்சு வாங்கினாள்.

"சார், கதையில உங்களுக்கு யாரைப் பிடிக்கும்?"

பதிப்பாளர் விழித்தார். "இது விசாரணைதானே மேடம்?"

"சொல்லுங்க."

"இளவரசன்தான். பை, பொம்மை, தண்ணி பாட்டில்னு எல்லாத்துலயும் அவன் மூஞ்சிதான் ஓடுது."

"சிறைக்காவலன்?"

"அது யாரு?"

அடுத்த அறையில் அட்டைப் படம் வரையும் ஓவியர் இருந்தார். விரலெல்லாம் நீலம்.

"ருசி பாக்கறவன்தான்" என்றார் யோசிக்காமல். "ஆறு அட்டையிலயும் அவனை ஒரு மூலையில வரைஞ்சேன். ஆறு தடவையும் எடுக்கச் சொல்லிட்டாங்க."

"ஏழாவது அட்டை?"

"எங்க வரையறது? முடிவைச் சொல்லுங்கன்னு அவர் கால்ல விழாத குறை. வாயைத் திறக்கலையே! ஒரு கோபுரத்தைப் போட்டுட்டு, மிச்சத்துக்கு என்ன போடறதுன்னு முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

பூச்சு காயாத கோபுரம் ஒன்று வெள்ளைத் துணியில் தனியாக நின்றது.

நடுப்பகலில் இன்ஸ்பெக்டர் மருத்துவமனைக்குப் போனாள். "தூக்க மாத்திரைதான்" என்றார் டாக்டர். "ஆனா அளவு தெரிஞ்சு போட்டிருக்காங்க. ஆழ்ந்த தூக்கம் வரும், உயிருக்கு ஒண்ணும் ஆகாது. கொல்ல நினைச்சவங்க இவ்வளவு அக்கறை எடுத்துக்க மாட்டாங்க."

நாவலாசிரியர் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார். மனைவி பக்கத்து நாற்காலியில். மெலிந்த உடம்பு, நிதானமான முகம். அவரது கைப்பையைப் பெண் காவலர் ஏற்கெனவே சோதித்திருந்தார். சீப்பு, மூக்குக்கண்ணாடி, ஒரு சால்வை. வேறொன்றும் இல்லை. நர்ஸ் ஒருத்தி ஆஸ்பத்திரித் தலையணையோடு வந்தாள்.

"வேண்டாம்மா. அவருக்குத் தலையணை மாறினா தூக்கம் வராது" என்று மனைவி தடுத்தார்.

"தூக்கத்துக்கு என்னம்மா குறைச்சல்!" என்று சொல்லிவிட்டு நர்ஸ் போனாள்.

இன்ஸ்பெக்டர் இவரிடமும் அதே கேள்வியைக் கேட்டாள்.

அந்த அம்மாளின் முகம் இளகியது. "சலவைக்காரி. பாவம், அவளுக்கு நீச்சல்கூடத் தெரியாது."

"சிறைக்காவலன்?"

"அவனும் நல்லவன்தான். என்னைக்காவது அந்தச் சாவியைக் கழட்டி வெச்சுட்டுப் போவான்னு பாத்தேன்."

மாலையில் நாவலாசிரியர் கண் விழித்தார். பதிப்பாளரும் அடித்துப்பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"கழுத்து ஒடியுது" என்று முனகினார் நாவலாசிரியர். "தலையணைக்குள்ள என்ன, செங்கல்லா?"

"பேசாம படுங்க" என்றார் மனைவி.

"சார், ஒரே கேள்வி" என்றாள் இன்ஸ்பெக்டர். "கதை எப்படி முடியுது? யாருக்கெல்லாம் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. நேத்துதான் எழுதினேன். இவகிட்டகூட மூச்சு விடல." களைப்பிலும் அவர் குரலில் பெருமை இருந்தது. "அணை உடையுது. இளவரசன் கோபுரத்து உச்சியில நிக்கறான். கீழ வெள்ளம். கீழ்நகரமே போயிடுது. அந்தப் பாழ்ல அவன் முடி சூட்டிக்கறான்."

இன்ஸ்பெக்டர் மனைவியின் பக்கம் திரும்பினாள்.

"ஆறு பாகத்துலயும் சலவைக்காரி இடுப்பளவு தண்ணியில நின்னுதான் துவைக்கிறாம்மா. அவளுக்கு நீச்சல் தெரியுமா தெரியாதாங்கற பேச்சே வந்ததில்ல. வெள்ளம் வரப்போகுதுன்னு தெரிஞ்சவங்களுக்குத்தான் அந்தக் கவலை வரும்."

மனைவி கையை மடியில் வைத்தபடி அசையாமல் இருந்தார்.

"இருங்க மேடம்" என்று குறுக்கிட்டார் பதிப்பாளர். "ராத்திரி பூரா அறை பூட்டியிருந்துச்சு. அண்ணி எப்படி உள்ள போய்..."

"ராத்திரி யாரும் எதையும் எடுக்கல. காலையில நீங்க கதவைத் திறந்தப்ப தாள் மேசையிலதான் இருந்துச்சு. நீங்க அண்ணனைப் பாத்தீங்க, மேசையைப் பாக்கல. அப்புறம் காணோம்னதும், ராத்திரியே போயிடுச்சுன்னு நீங்களா முடிவு பண்ணிட்டீங்க."

"அது எப்படி உங்களுக்கு..."

"உங்க கால்தான் சொல்லுச்சு. கதவுலேர்ந்து மேசைக்கு ஒரே வழி. முதல் தடவை ஓடினப்ப நீங்க விழல. தண்ணியோட ரெண்டாவது தடவை ஓடினப்பதான் கண்ணாடிக் குண்டு கால்ல மாட்டுச்சு. நடுவுல அதைத் தள்ளிவிட்டுத் தாளை எடுத்தது யாரு? நீங்க சமையலறைக்குப் போனப்ப உள்ள இருந்தது ரெண்டே பேர். ஒருத்தர் தூங்கிட்டிருந்தார்."

"அண்ணி கையில ஒண்ணும் இல்லையே! ஸ்டிரெச்சர் கூடவே நானும் வாசல்வரை நடந்தேனே!"

"அவங்க தூக்கல. சாரே தலையில தாங்கிக்கிட்டுக் கொண்டுவந்தார். தலையணை உறைக்குள்ள, பஞ்சுக்கு அடியில."

நாவலாசிரியர் தடுமாறி எழுந்து உட்கார்ந்து உறைக்குள் கை விட்டார். தாள்கள் வந்தன. ஓரம் கசங்கியிருந்தாலும் ஒன்றும் குறையவில்லை.

"நீயா?" என்றார். கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதில் இருந்தது.

"ஏங்க, ஒரு வரி" என்றார் மனைவி. குரல் உயரவில்லை. "நேத்து மத்தியானச் சாப்பாடு வைக்கும்போது நீங்க குளியலறையில இருந்தீங்க. கடைசித் தாள் மேலேயே கிடந்துச்சு. 'வெள்ளத்தில் கீழ்நகரமும் அழிந்தது.' அவ்வளவுதான். ஒருத்தர் பேருகூட இல்ல. அவங்களுக்கு அவ்வளவுதானா?"

"கதைன்னா சின்ன ஆளுங்க சாகத்தான் செய்வாங்க. பெரிய முடிவு வேணும்ல?"

"அவங்க உங்க ஆளுங்களா?" அந்த அம்மாள் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். "முதல் பாகத்துலேர்ந்து, சமையலறையில வந்து நிப்பார். 'அந்தச் சிறைக்காவலன் இப்ப என்ன நினைப்பான்? சொல்லேன்'பார். நான் பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே சொல்வேன். போய் எழுதிக்குவார். ருசி பாக்கறவன் சொன்னது, சலவைக்காரி சொன்னது, எல்லாம் நான் நினைச்சது. இவர்கிட்ட நேரா சொன்னா காதுல விழாது, அவங்க வாயால சொன்னா அச்சுல வரும். நான் வெளிய போய்வர்ற ஒரே வாசல் அதுதான் மேடம். அதையும் தண்ணியில மூழ்கடிச்சுட்டார்."

நாவலாசிரியர் மறுக்கவில்லை. தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதிப்பாளர் முதலில் சுதாரித்துக்கொண்டார். "மேடம், இது குடும்ப விஷயம். தாள் கிடைச்சாச்சு. அண்ணனும் நல்லா இருக்கார். விட்டுடலாமே. வெளிய தெரிஞ்சா நாறிடும்."

"ஆமா" என்றார் நாவலாசிரியர் அவசரமாக. "நான் புகார் கொடுக்கல. மாத்திரையை நானே தெரியாம ரெண்டா போட்டுக்கிட்டேன்னு எழுதிக்கோங்க. நீ வீட்டுக்குப் போம்மா. எல்லாம் பழையபடி இருக்கட்டும்."

அந்த அம்மாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். ஆனால் வாசல் பக்கம் போகவில்லை.

"மாத்திரையைப் போட்டது நான். தாளை எடுத்தது நான். அப்படியே எழுதுங்க மேடம்."

"அம்மா, இதுல வழக்கு வரும். யோசிச்சுக்கோங்க."

"யோசிச்சாச்சு."

"பைத்தியமா உனக்கு?" என்று கத்தினார் நாவலாசிரியர். அந்த அம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை.

இன்ஸ்பெக்டர் வாக்குமூலத்தை எழுதி, ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டி, பேனாவோடு நீட்டினாள். அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தார். 'என் கணவர் எழுதிய கையெழுத்துப் பிரதியை' என்ற இடத்தில் நின்றார். 'என் கணவர்' என்பதை ஒரே கோடாக அடித்து, மேலே 'நாங்கள்' என்று எழுதினார். பிறகு கீழே போய், தன் முழுப்பெயரையும் நிறுத்தி, தெளிவாக, எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"இப்ப எங்க போகணும்?" என்று கேட்டார்.

இன்ஸ்பெக்டர் கதவைத் திறந்து பிடித்தாள். அந்த அம்மாள் முதலில் வெளியே போனார்.