நல்ல காயின் ருசி

காலையில் எங்கள் வார்டு முழுவதற்கும் சமைக்கும் பொது அடுப்புக்குக் காய் வந்து சேரும்போது நான் தயாராக இருக்க வேண்டும். கையைக் கழுவி, வெந்நீரில் வாய் கொப்பளித்து, முக்காலியில் உட்கார்ந்துகொள்வேன். ஒவ்வொரு காயிலும் காம்புப் பக்கம் நகமளவு ஒரு சீவல். அதை வாயில் போட்டு, பின்நாக்கு வரை கொண்டுபோய், மெதுவாக மென்று துப்ப வேண்டும். சரி என்றால் காம்பில் பச்சைப் புள்ளி. இல்லை என்றால் சிவப்பு. ஒரு சிவப்பு விழுந்தாலும் வண்டி முழுவதும் குழிக்குப் போகும். அந்தக் கொடியையும் அதன் விதையையும் கொளுத்திவிடுவார்கள்.

அந்த வியாழக்கிழமை வந்தது சுரைக்காய். கொண்டுவந்தவர் என் அப்பா நாட்ராயன். எங்கள் வார்டுக்கு இந்தப் பருவத்தில் சுரைக்காய் கொடுப்பது அவர் உழுது விதைக்கும் காடு மட்டும்தான். அது முதல் வண்டி.

"ஏனம்மிணி, அப்பன் காயையும் கடிச்சுத்தான் பாக்கோணுமா?" என்றார் தெய்வானை அக்கா. அவர்தான் பொது அடுப்பின் தலைமைச் சமையல்காரர். "காயைக் கடிக்கறதுக்கு உங்கப்பனையே ஒரு கடி கடிச்சுப் பாத்துரலாம். அந்த ஆளும் அதே மண்ணுதான்."

அப்பா சிரித்தார். "கடிக்கட்டும் தெய்வானை. சட்டம்னா எல்லாத்துக்கும் சட்டந்தான்."

முதல் சீவலை மென்றேன். நாக்கின் பின்புறத்தை ஏதோ இறுக்கிப் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் அப்பா ஆக்கும் கூட்டில் இருக்கும் அதே பிடிப்பு, கொஞ்சம் கூடுதலாக. பச்சைக்காய் என்பதால் அப்படி இருக்கும் என்று நினைத்தேன். இன்னொரு சீவல் மென்றேன். சந்தேகப்படுவது என் பழக்கம். பல நாட்கள் அதற்காகவே திட்டு வாங்கியிருக்கிறேன். அதனால் அன்று சந்தேகத்தின் மீதே சந்தேகப்பட்டேன்.

"தொண்டைல சிக்கிக்கிச்சா?" என்றார் அக்கா.

"இல்லீங்க்கா. சுரைக்காய்தானுங்க."

எல்லாவற்றுக்கும் பச்சை வைத்தேன்.

என் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் பன்னிரண்டு வயதில் நாத்திரை வைத்தார்கள். நாக்கின் அடியில் அரிசியளவு ஒரு வில்லை. டாக்டர்கள் டேஸ்ட் கேட் என்பார்கள். அது இருக்கும்வரை இனிப்பு, உப்பு, புளிப்பு, கசப்பு எதுவும் மூளைக்குப் போகாது. சூடு தெரியும், மொறுமொறுப்பு தெரியும், வயிறு நிறைவது தெரியும். முன்பு தின்ற ருசிகள் நாளடைவில் நினைவிலிருந்தும் போய்விடும். பெரியவர்களுக்கு எங்களுக்கும் முன்பே வைத்துவிட்டார்கள். அதன் பிறகு சர்க்கரை நோய் என்பது பாடப்புத்தகத்தில் மட்டும் இருக்கிறது. இனிப்பில்லாதபோது யாரும் சர்க்கரையைத் தேடவில்லை. எண்ணெயும் அப்படியே மறைந்தது.

காடுகளுக்கும் அதனால் நன்மைதான் நடந்தது. ருசிக்காகவும் பளபளப்புக்காகவும் விளைவிக்க வேண்டிய தேவை போனதும், அந்தந்த மண்ணுக்கு ஒத்துவருவதை மட்டும் விதைத்தார்கள். உரமும் மருந்தும் தேவைப்படவில்லை. மூன்றில் ஒரு பங்கு நிலம் எப்போதும் ஓய்வில் இருக்க வேண்டும், அதில் என்ன முளைத்தாலும் யாரும் கை வைக்கக் கூடாது. உடுமலையைச் சுற்றிக் கிணறுகளில் தண்ணீர் ஏறியது. இதையெல்லாம் நான் குறையாகச் சொல்லவில்லை. இது நன்றாகத்தான் நடக்கிறது.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. சுரை, பீர்க்கு, வெள்ளரி போன்ற கொடிகளில் சில நேரம் நஞ்சு ஏறும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. கசப்பு ஒன்றுதான் அடையாளம். கசப்பே தெரியாத ஊரில் ஒரு முறை ஒரு தெருவே படுத்துவிட்டது. அதிலிருந்து ஒவ்வொரு பொது அடுப்புக்கும் நாத்திரை திறந்த ஒருவர் கட்டாயம். அவருக்கு நாப்பார்வையாளர் என்று பெயர். அந்த வேலைக்கு யாரும் லேசில் வருவதில்லை. திறந்த நாக்கோடு உப்பில்லாத சோற்றை ஆயுளுக்கும் தின்ன வேண்டும். எங்கள் வார்டின் நாப்பார்வையாளர் பிரசவத்துக்குப் போனதால், அதற்கான மாலை வகுப்பில் பாதிதான் முடித்திருந்த என்னை உட்கார வைத்தார்கள். என் நாத்திரையைத் திறந்து அப்போது ஒரு மாதம் ஆகியிருந்தது.

அந்த ஒரு மாதத்தில் நான் தின்றதில் ருசி என்று சொல்ல ஒன்றுதான் இருந்தது. பொது அடுப்பின் சோறு நனைந்த துணிபோல் இருக்கும். ஞாயிறு விடுமுறையில் அப்பா வீட்டில் ஆக்குவார். காட்டில் முதலில் பிடித்த பிஞ்சுகளைக் கொண்டுவந்து பருப்போடு சேர்த்துக் கூட்டு வைப்பார். அவருக்கு அது எதுவாகவும் இருக்காது. தட்டில் போட்டுவிட்டு, இப்போது எல்லோரும் கேட்பதுபோல, "நிறைஞ்சுதா அம்மிணி?" என்று கேட்பார். எப்படி இருக்கிறது என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. நான் நிறைந்தது என்பேன். அந்தக் கூட்டு நாக்கின் பின்னால் மெல்லப் பிடித்து, தண்ணீர் குடித்த பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். இதுதான் சுரைக்காய், இதுதான் எங்கள் காடு என்று எனக்குள் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு வாரமும் அது கொஞ்சம் கூடியதோ என்னவோ. எனக்குத் தெரியவில்லை.

அந்த வியாழன் மாலை வகுப்பில் முதன்முதலாகக் காய் வைத்தார்கள். அதுவரை அளவுத்தாள்களை நக்கித்தான் படித்தோம். தாளில் வரும் கசப்பு மருந்துக்கடை வாடை அடிப்பது. நாக்கை உதறச் செய்யும். மேசையில் வேறு வார்டிலிருந்து வந்த ஒரு சுரைக்காய் இருந்தது. ரியாஸ் சார் சீவிக் கொடுத்தார். அவர் என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் பெரியவர். எங்களுக்கு முன்னால் வகுப்பை முடித்தவர்.

மென்றேன். ஒன்றும் இல்லை. தண்ணீர்.

"சார், இது கெட்டுப்போயிருச்சுங்க" என்றேன். "சுரைக்காய் ருசியே இல்லீங்க."

பின் வரிசையில் யாரோ, "சுரைக்காய்க்கு ருசியாமா? இனி வெந்நிக்கும் ருசி கேப்பா போல" என்றான். வகுப்பு சிரித்தது. ரியாஸ் சாரும் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார்.

"சுரைக்காய் ருசின்னா எப்படிங்க இருக்கும், இளவேணி?"

"பின்னால... நாக்கோட பின்னால புடிக்கும்ல சார். தண்ணி குடிச்சாலும் போகாம."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "அது எங்க சாப்பிட்டீங்க?"

நான் பதில் சொல்வதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. அப்பாவின் காட்டை ஒட்டி ஓய்வு நிலம் இருக்கிறது. அதன் வேலி முழுக்கக் கசப்பு நஞ்சுள்ள பேய்ச்சுரை படர்ந்திருக்கிறது. போன பருவத்தில் வண்டு எந்தப் பூவிலிருந்து எந்தப் பூவுக்குப் போனதோ. அந்த விதையைத்தான் அப்பா எடுத்து வைத்து ஊன்றினார்.

தெய்வானை அக்காவைக் கைப்பேசியில் அழைத்தேன். இரவுச் சாப்பாட்டு நேரம். பின்னால் தட்டுச் சத்தம் கேட்டது.

"அக்கா, கூட்டைப் பரிமாறாதீங்க."

"இன்னும் பந்தி போடலியே கண்ணு. உங்கப்பன் இப்பத்தான் உக்காந்து தின்னுக்கிட்டு இருக்காரு."

எங்கள் வார்டில் ஒரு வழக்கம் உண்டு. முதல் வண்டி வரும் நாளில் விளைவித்தவர்தான் முதலில் சாப்பிட வேண்டும். வாழையிலை போட்டு, தனியாக உட்கார வைத்து, அவர் தின்று தண்ணீர் குடித்து எழுந்த பிறகுதான் மற்றவர்களுக்குப் பந்தி. நாத்திரை வந்த காலத்தில், தெரியாததைத் தின்ன ஊர் பயந்தபோது ஏற்பட்டது இது. அப்பா அதற்காக வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போயிருந்தார்.

"எத்தனை தடவை போட்டீங்க அக்கா?"

"ரெண்டாவது தடவை போட்டாச்சு. ஏன் கண்ணு? ஏன்?"

நான் போவதற்குள் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அண்டாவை அக்கா குழியில் கொட்டியிருந்தார். அப்பாவைத் தவிர வேறு யாரும் ஒரு வாய்கூடத் தின்னவில்லை. எல்லோரும் அதையே என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஆமாம் என்றேன்.

அப்பா இரத்தமாக வாந்தி எடுத்தார். இரத்த அழுத்தம் இறங்கி இறங்கி ஏறியது. நாத்திரை இருந்தால் உடம்பு நஞ்சை எதிர்ப்பது தாமதமாகும் என்று முதல் வேலையாக அதை எடுத்துவிட்டார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்து சொட்டு இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை. வர வேண்டும் என்று தெரிந்தது. என்னிடம் ஏதோ குறைகிறது என்று யோசித்தேன்.

பிழைத்துக்கொண்டார். சில நாள் கழித்து நர்ஸ் அரிசிக் கஞ்சி கொண்டுவந்தார். நான் கரண்டியால் ஊட்டினேன். முதல் வாயை விழுங்கிவிட்டு அப்பா அப்படியே இருந்தார். வலிக்கிறதோ என்று பயந்தேன்.

"அம்மிணி, இது என்னது?"

"உப்புங்கப்பா. ஆஸ்பத்திரில மட்டும் போடுவாங்க."

இன்னொரு வாய் வாங்கினார். தீர்ந்ததும் கிண்ணத்தை வழித்துத் தரச் சொன்னார். பிறகு கேட்டார்: "நாக்கைத் தொறந்துட்டு நீ தெனமும் இப்படித்தான் திங்கறயா?"

"இல்லீங்கப்பா. நம்ம அடுப்புல உப்புக் கெடையாதுங்களே."

"அப்ப ஞாயித்துக்கெழமை நான் ஆக்கிப் போட்டது?"

"கசந்துருக்குங்க. அதுதான் ருசின்னு நெனச்சுட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். எப்போதும் கேட்காத ஒன்றைக் கேட்டார். "புடிச்சுதா?"

பொய் சொல்ல யோசித்தேன். எது பொய் என்று தெரியவில்லை. "புடிச்சுதுங்கப்பா" என்றேன்.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு அனுப்பும் அன்று டாக்டர், நாத்திரையைத் திரும்ப வைப்பது உங்கள் விருப்பம் என்றார். நோயிலிருந்து தேறியவர்களுக்கு அந்தச் சலுகை உண்டு. அப்பா உடனே சொன்னார்: "வெச்சிருங்க சார். தொறந்து வெச்சு என்ன பண்ண? அந்தக் கஞ்சி ஊருக்குள்ள எங்க கெடைக்குது." வில்லையை வைக்க வாயைத் திறந்துகொண்டு, கூரையைப் பார்த்தபடி கிடந்தார்.

காட்டில் மிச்சமிருந்த காய்களுக்கு நானே சிவப்புப் புள்ளி வைத்தேன். அது என் வேலை. கொடியைக் கொளுத்துமுன் ஒரு சீவல் வாயில் போட்டேன். வீட்டு ஞாயிற்றுக்கிழமை நாக்கின் பின்னால் வந்து பிடித்தது. துப்பிவிட்டேன்.

வேலையை விட்டுவிடுவதாக ரியாஸ் சாரிடம் சொன்னேன். "எதுக்குங்க? இப்பதான் உங்க அளவு சரியாயிருக்கு. இனிமே நீங்க தப்பு பண்ண மாட்டீங்க" என்றார். அவர் சொன்னது சரிதான். அதன் பிறகு நான் தப்பு செய்யவில்லை.

அடுத்த பருவத்தில் அப்பா வேறு வார்டு விதை வாங்கி ஊன்றினார். முதல் வண்டி வந்த காலையில், ஒவ்வொரு காயையும் சீவி மென்றேன். தண்ணீர். தண்ணீர். தண்ணீர். பச்சை வைத்துக்கொண்டே போனேன். தெய்வானை அக்கா அன்று கேலி செய்யவில்லை.

அன்று மாலை வகுப்புக்குப் போகவில்லை. பொது அடுப்பின் கூடத்தில் எல்லோரும் சுவரோரம் நின்றார்கள். நடுவில் ஒரே ஒரு இலை. அப்பா வெள்ளை வேட்டியில் உட்கார்ந்தார். நான்தான் கூட்டு ஊற்றினேன். அவர் கை இலைமேல் நின்றது. எதிரில் என்னை உட்காரச் சொல்லி, கூட்டைத் தொட்டு ஒரு வாய் என் பக்கம் நீட்டினார். நான் வாங்கி மென்று விழுங்கினேன்.

"எப்படி இருக்கு அம்மிணி?"

கூடம் முழுக்க என் வாயையே பார்த்தது.

"ஒண்ணுமே இல்லீங்கப்பா."

"ஒண்ணுமில்லீன்னா?"

"நல்ல காய்ங்க."

அப்பா தலையாட்டிவிட்டுச் சாப்பிடத் தொடங்கினார்.